எழுபத்தொன்பது கதைகள்

தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள் நாம். பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டு, கடைசி வரியில் 'தொடரும்' என்ற சொல்லைக் கண்டு பெருமூச்சு விட்டு, மறுபடியும் ஒரு வாரம் காத்திருக்கும் பழக்கம் நமக்கு இரண்டு மூன்று தலைமுறைகளாக உண்டு. அந்தத் 'தொடரும்' தொடராமலே போய்விடுவதும் நமக்குப் புதிதல்ல. கல்கி 1954 டிசம்பரில் காலமானபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் வைத்துவிட்டுப் போன குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை முடித்து வைத்தார். சுஜாதாவின் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்புக் கிளம்பியதால் குமுதத்தில் நின்றுபோய், பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு பெயரில் பிழைத்து எழுந்தது. முதலாவதில் ஆசிரியர் போய்விட்டார். இரண்டாவதில் ஊர் கோபித்துக்கொண்டது.

மூன்றாவது விதம் ஒன்றும் இருக்கிறது. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் போடுகிறவர் பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுகிறார். அப்படி நிறுத்தப்பட்ட ஒரு தொடரைப் பற்றித்தான் இங்கே சொல்ல வருகிறேன். அது 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடர். விண்வெளியில் ஒரு கப்பல். அதற்கு ஒரு தலைவன். வாரம் ஒரு புது உலகம். 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி என்.பி.சி. என்ற நிறுவனத்தின் ஒளிபரப்பில் தொடங்கி, 1969 ஜூன் 3-ஆம் தேதி நின்றுபோயிற்று. மூன்று பருவங்கள், மொத்தம் எழுபத்தொன்பது கதைகள்.

இந்தத் தொடரை நினைக்கும்போதெல்லாம் கதை எழுதுகிற எனக்கு ஒரு கேள்வி எழும். நல்ல ஒரு படைப்பு, நன்றாக இருக்கும்போதே நின்றுபோவது மேலா? அல்லது தரம் கொஞ்சம் தாழ்ந்தாலும் இன்னும் சில காலம் நீடிப்பது மேலா? ருசியுள்ளவர்களைக் கேட்டால் தயங்காமல் முதலாவதைத்தான் சொல்வார்கள். பாட்டுக் கச்சேரியானாலும் நாவலானாலும், 'இன்னும் கொஞ்சம் இருக்கக் கூடாதா' என்று கேட்பவர் நினைக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பது நம் பெரியவர்கள் வாக்கு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சி. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கதைகளுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

அமெரிக்காவில் நின்றுபோய் ஏறக்குறையப் பதினைந்து வருஷங்கள் கழித்து, 1980-களில், ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷன் அதை நமக்குக் காட்டியது. தாம்பரத்தில் எங்கள் தெருவில் அப்போது டெலிவிஷன் பெட்டி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெட்டி உள்ள வீட்டுக் கூடத்தில் பெட்டி இல்லாத வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து இன்னொருவன், "போதும், போதும், இல்லை, கொஞ்சம் திரும்பு!" என்று கத்துவான். வசனம் முழுவதும் இங்கிலீஷ். பாதிப் பேருக்குப் புரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

அந்தக் கதைகளைப் பார்க்க எங்கள் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று எனக்கு ஓர் எண்ணம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் பயிற்சி விமானங்களைப் பார்க்க அண்ணாந்து அண்ணாந்து பழகிய கழுத்துகள் எங்களுடையவை. அடுத்தாற்போல் குரோம்பேட்டையில் 1949-இல் ஏற்பட்ட எம்.ஐ.டி. ராக்கெட் விட்ட அப்துல் கலாமும் படித்தது அங்கேதான். தமிழில் விஞ்ஞானக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த சுஜாதாவும் படித்தது அங்கேதான். அதற்கு அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் 1863-இல் ஆதிமனிதனின் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தது அந்த ஊரில். கல்லாயுதத்துக்கும் ராக்கெட்டுக்கும் நடுவே மின்சார ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம்! லட்சக்கணக்கான வருஷங்களைத் தாண்டிக் குதிக்கும் கதைகள் அந்த ஊர்க்காரனை மலைக்க வைக்குமா?

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொடரில் பாறைகள் எல்லாம் அட்டைப் பாறைகள். ஒருவன் முதுகு பட்டால் மலையே ஆடும். ஒரு கிரகத்தில் பார்த்த அதே குன்று மறுவாரம் இன்னொரு கிரகத்தில், வேறு நிற வெளிச்சத்தில் நிற்கும். இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரித்ததில்லை. நம் தெருக்கூத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நின்றால் அது அரண்மனைத் திரை. துணியை விலக்கினால் துரியோதனன் வந்துவிட்டான். பார்க்கிறவன் மனசில் மீதியைக் கட்டிக்கொள்கிறான். இந்தத் தொடரிலும் அப்படித்தான். கப்பலை வாராவாரம் ஒரு கிரகத்தில் இறக்கிக் காட்டினால் செலவு தாங்காது என்பதால், ஆட்களை அணு அணுவாகக் கரைத்து ஒளியாக்கிக் கீழே அனுப்பும் இயந்திரம் ஒன்றைக் கற்பனை செய்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் அந்தத் தொடரின் அடையாளம் என்று நினைப்பது அந்த இயந்திரத்தைத்தான். கைப்பணம் குறைந்ததால் பிறந்த கற்பனை அது.

உண்மையான குறைகள் வேறு. தலைவன் கிர்க்குக்குக் கதை முடிகிற சமயத்தில் பிரசங்கம் செய்யும் வியாதி இருக்கிறது. வாரம் ஒரு பெண் அவனிடம் மனசைப் பறிகொடுக்க வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். உஹூரா என்ற கறுப்பினப் பெண்ணைக் கப்பலின் அதிகாரிகளில் ஒருத்தியாக உட்கார்த்தி வைத்தது 1966-இல் பெரிய காரியம். உட்கார்த்தி வைத்தவர்கள் அவளுக்குப் பேச வசனம் கொடுக்க மறந்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட, கதை எழுதுகிறவன் என்ற முறையில் என்னை உறுத்தியது சாவைப் பற்றியது. சிவப்புச் சட்டை போட்ட சிப்பந்தி யாராவது ஒருவன் முதல் பத்து நிமிஷத்தில் செத்துப்போவான். கடைசிக் காட்சியில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். செத்தவனுக்கு ஒரு வீடு இருந்திருக்குமே என்று ஒருவரும் நினைப்பதில்லை.

இவ்வளவு குறைகளோடும் அது ஏன் நெஞ்சில் நின்றது? நான்கு கதைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'தி டெவில் இன் தி டார்க்' என்பது முதல் பருவத்துக் கதை; 1967 மார்ச்சில் வந்தது; எழுதியவர் ஜீன் கூன். ஒரு கிரகத்தில் சுரங்கம் தோண்டுகிறார்கள். இருட்டில் ஏதோ ஒரு பிராணி தொழிலாளிகளைக் கொல்கிறது. கொல்ல வந்த பிசாசைக் கொல்லக் கப்பல் வருகிறது. அந்தப் பிராணிக்கு உடம்பே பாறை, பெயர் ஹோர்ட்டா. சுரங்கத்தில் உருண்டை உருண்டையாக ஆயிரக்கணக்கில் கிடந்த எதற்கும் உதவாத கற்களைத் தொழிலாளிகள் உடைத்துத் தள்ளியிருந்தார்கள். பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் பாட்டிக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. அந்த உருண்டைகளைக் காட்டியவுடனே, "அதெல்லாம் முட்டைடா. முட்டையை உடைத்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்?" என்றாள். கப்பல் தலைவனுக்கும் அவனுடைய மகாபுத்திசாலித் தோழன் ஸ்பாக்குக்கும் அந்த விஷயம் தெரிய இன்னும் அரைமணி நேரம் பிடித்தது!

இந்தக் கதையில் நான் மிகவும் ரசித்த இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பாக் உணர்ச்சியை அடக்கித் தர்க்கத்தையே மதமாகக் கொண்ட வேற்றுக் கிரகத்தவன். ஆரம்பத்தில், "அந்தப் பிராணியைக் கொல்லாமல் பிடிக்கப் பார்க்கலாமே" என்று வாதாடுபவன் அவன்தான். கொன்றே தீர வேண்டும் என்பவன் கிர்க். பிறகு கிர்க் குகையில் அந்தப் பிராணியோடு தனியாக அகப்பட்டுக்கொள்கிறான். தூரத்திலிருந்து பேசும் ஸ்பாக், "கொன்றுவிடுங்கள், உடனே" என்று பதறுகிறான். இப்போது கொல்ல மாட்டேன் என்பவன் கிர்க்! கட்சிகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. நண்பனுக்கு ஆபத்து என்றதும் தர்க்கம் எங்கே போயிற்று பாருங்கள். ஸ்பாக்குக்கு அன்பு உண்டு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த இடமாற்றம் ஒன்றே சொல்லிவிடுகிறது. பாத்திர சிருஷ்டி என்றால் இதுதான்.

'பேலன்ஸ் ஆஃப் டெரர்' 1966 டிசம்பரில் வந்தது. கடற்படைச் சண்டைப் படம் ஒன்றின் சாயல் அதில் இருக்கிறது, அது குற்றமில்லை. ஒரு கல்யாணத்தில் கதை தொடங்குகிறது. மணமேடையில் தலைவன் வாய் திறக்கும்போது எதிரி தாக்கிய செய்தி வருகிறது. ரோமுலன்கள் என்ற அந்த எதிரிகளின் முகத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தால், ஸ்பாக்கின் ஜாடை! உடனே கப்பலுக்குள்ளேயே ஒருவன் ஸ்பாக்கைச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். அவனுடைய முன்னோர்கள் பழைய போரில் செத்தவர்கள். பாதிக் கதை எதிரியின் கப்பலுக்குள் நடக்கிறது. எதிரித் தலைவன் களைத்தவன், கண்ணியமானவன், போரில் வெறுப்புற்றவன். ஆனால் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன். தோற்றுச் சாகும் நேரத்தில், வேறு ஒரு காலத்தில் சந்தித்திருந்தால் நாம் நண்பர்களாக இருந்திருக்கலாம் என்ற பொருளில் கிர்க்கிடம் பேசிவிட்டுப் போகிறான். முடிவில் நம் பக்கத்தில் செத்தவன் ஒரே ஒருவன். அவன் அந்த மணமகன். சற்று முன் நான் சொன்ன குறை இந்தக் கதையில் இல்லை. மணப்பெண்ணைக் கிர்க் சந்திப்பதோடு முடிகிறது. பாரதப் போரைப் படித்தவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் கர்ணன் ஒருவன் உண்டு என்பது தெரியும். வாராவாரம் வரும் டெலிவிஷன் தொடரில் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

'ஸ்பேஸ் சீட்' என்ற கதை நம் நாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஸ்வாரஸ்யம் தருவது. அதில் வரும் வில்லன் பெயர் கான் நூனியன் சிங். வட இந்தியன், சீக்கியனாக இருக்கலாம் என்று கப்பலில் பேசிக்கொள்கிறார்கள். நடித்தவர் மெக்ஸிகோக்காரரான ரிகார்டோ மொன்டல்பான். விமானப்படையிலிருந்த சர்தார்ஜி ஒருவர் எங்களோடு அதைப் பார்த்தார். "தலைப்பாகை இல்லை, தாடி இல்லை, இவன் என்ன சிங்?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஆனால் ஆள் ராஜா மாதிரி இருக்கிறான்" என்றார். கதையின் விஷயமே அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது. கான் 1990-களில் உலகத்தின் கால் பங்கை ஆண்ட சர்வாதிகாரி. நூற்றாண்டுகள் உறக்கத்தில் கிடந்து எழுந்து வருகிறான். அவனைப் பற்றிப் பேசும்போது கிர்க் முதலியவர்களின் குரலில் கண்டனத்தோடு ஒரு மயக்கமும் கலந்திருக்கிறது. அது கேட்டு ஸ்பாக் திகைத்துப்போகிறான். கப்பலில் உள்ள சரித்திர நிபுணியான பெண்ணோ அறை முழுவதும் பழைய வீரர்களின் படங்களை வரைந்து மாட்டிக்கொண்டிருப்பவள், அவள் மயங்கியே போகிறாள், கப்பலைக் காட்டிக்கொடுக்கிறாள். அந்தப் பெண் பாத்திரம் சரியாக அமையவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் சரித்திர நாவல்களில் வாளேந்திய வீரனைக் கண்டு மயங்கும் பழக்கமுள்ள நம் வாசகர்களும், அந்த மயக்கத்தை ஊட்டும் எழுத்தாளர்களும் ஒரு தரம் அந்தக் கதையைப் பார்க்கலாம். 1990-கள் வந்து போய்விட்டன, கான் வரவில்லை. மயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான்காவது, 1967 ஏப்ரலில் வந்த 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. ஹார்லன் எல்லிசன் எழுதியது. மற்றவர்கள் கைவைத்துத் திருத்தியது. அந்தத் திருத்தங்களை எல்லிசன் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அடுத்த வருஷம் ஹியூகோ பரிசு பெற்றது. டாக்டர் மெக்காய் புத்தி பேதலித்துக் காலத்தின் வாசல் வழியே 1930-ஆம் வருஷத்து நியூயார்க்குக்கு ஓடிவிடுகிறார். அதனால் சரித்திரமே மாறிவிடுகிறது. தேடிப் போகும் கிர்க், ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் எடித் கீலர் என்ற பெண்ணை நேசிக்கிறான். அவள் சமாதானம் பேசுகிறவள். அவள் உயிரோடிருந்தால் அவளுடைய இயக்கத்தால் அமெரிக்கா யுத்தத்தில் தாமதித்து இறங்கும், ஹிட்லர் ஜெயித்துவிடுவான். ஆகவே அவள் சாக வேண்டும். தெருவில் வண்டி வருகிறது. காப்பாற்ற ஓடும் டாக்டரைக் கிர்க் கட்டிப் பிடித்து நிறுத்திவிடுகிறான்.

இதைப் பார்க்கும் இந்தியனுக்கு ஒரு சங்கடம் உண்டு. 1930 என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? தண்டி யாத்திரை, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடத்திச் சென்ற உப்பு யாத்திரை. ஆயுதமில்லாமல் அடிவாங்கிக்கொண்டு நின்றவர்களின் வருஷம் அது. அதே வருஷத்தில், சமாதானம் பேசும் ஒரு நல்லவள் செத்தால்தான் உலகம் பிழைக்கும் என்று ஒரு கதை சொன்னால் தொண்டைக்குள் இறங்குமா? கதையே அதற்கு இடம் விட்டிருக்கிறது: அவள் சொன்னது சரி, காலம்தான் தவறு என்கிறான் ஸ்பாக். இந்தத் தர்க்கத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதன் கலையை வணங்குகிறேன். பிரசங்கி கிர்க் அந்தக் கதையின் முடிவில் பிரசங்கம் செய்யவில்லை. இங்கிருந்து போய்விடலாம் என்ற அளவில் இரண்டு வார்த்தை சொல்கிறான், அவ்வளவுதான். கருத்தில் நம்மோடு சண்டை போட்டுக்கொண்டே கண்ணீர் வரவழைக்கும் கதை சாமானியமானதல்ல.

இப்படிப்பட்ட கதைகளைத் தந்த தொடரை, இரண்டாவது பருவம் நடக்கும்போதே நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. அப்போது ரசிகர்கள் செய்த காரியம் டெலிவிஷன் சரித்திரத்தில் பெயர்பெற்றது. பிஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவருடைய கணவர் ஜானும் முன்னின்று, ஊர் ஊராக ரசிகர்களைக் கடிதம் எழுதச் செய்தார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் ஊர்வலமே போனார்கள். கடைசியில் நிறுவனம் பணிந்தது. தொடர் தொடரும் என்று அந்த மார்ச் மாதத்தில் ஒளிபரப்பிலேயே அறிவித்தது.

ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அந்தத் தொடரைப் பார்க்கிற இளைஞர்கள் எவரும் வீட்டில் இல்லாத நேரம். செலவுத் தொகையும் குறைந்தது. தொடரைப் பெற்றெடுத்த ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது பருவத்தின் முதல் கதையாக 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' வந்தது. அயல் கிரகத்துப் பெண்கள் ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூளையில்லாத ஸ்பாக்கைப் பொம்மைபோல் நடத்தி அழைத்துக்கொண்டு நண்பர்கள் தேடுகிறார்கள். கிடைத்ததும் டாக்டர் அதைத் திரும்பப் பொருத்துகிறார்; பாதிச் சிகிச்சையில் நோயாளியே எழுந்து யோசனை சொல்கிறான்! இதைச் சகித்துக்கொண்டு பார்த்த ரசிகன் எவனோ அவனே உண்மையான ரசிகன்.

'லெட் தட் பி யுவர் லாஸ்ட் பேட்டில்ஃபீல்ட்' 1969 ஜனவரியில் வந்தது. இரண்டு பேர்; ஒருவன் மற்றவனை யுகயுகமாகத் துரத்துகிறான். இருவருக்கும் முகம் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. என்ன பகை என்று கிர்க் கேட்டால், "தெரியவில்லையா? எனக்கு வலப்பக்கம் கறுப்பு, அவனுக்கு இடப்பக்கம் கறுப்பு" என்ற பதில் வருகிறது. காஞ்சிபுரத்தில் வடகலைக்காரர்களும் தென்கலைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டு ஏறிய கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்றே வழக்கு நடந்ததாகக் கதை சொல்வார்கள் அல்லவா? கரு பிரமாதம். ஆனால் கரு மட்டும் கதையாகிவிடாது. ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்ட விஷயத்தை ஐம்பது நிமிஷம் இழுத்து, கப்பலின் நடைகளில் இரண்டு பேரையும் ஓடவிட்டுக் காலத்தைக் கழிக்கிறார்கள். ஹோர்ட்டா கதையில் நாமாகக் கண்டுபிடித்த உண்மையை இங்கே நம் தலையில் குட்டிச் சொல்கிறார்கள். முதல் பருவத்துக்கும் மூன்றாவது பருவத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதுதான்.

கடைசிக் கதை 'டர்னபவுட் இன்ட்ரூடர்'. பெண்ணாய்ப் பிறந்ததால் கப்பல் தலைமை கிடைக்கவில்லை என்று புழுங்கும் ஒருத்தி, கிர்க்கின் உடம்போடு தன் உடம்பை மாற்றிக்கொள்கிறாள். நியாயமான ஒரு குறையைப் பைத்தியக்காரத்தனமாக ஆக்கிக் காட்டிய கதை. அதோடு விளக்கை அணைத்துவிட்டார்கள். விடைபெறும் காட்சி கிடையாது. ஊர் திரும்பும் காட்சி கிடையாது. 'பொன்னியின் செல்வன்' முடிந்த பிறகும் வாசகர்கள் ஒவ்வொரு பாத்திரமும் என்ன ஆயிற்று என்று கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். இங்கே கேட்கவும் ஆள் இல்லை, சொல்லவும் ஆள் இல்லை. தொடர் நின்ற நாற்பத்தேழாவது நாள், 1969 ஜூலை 20-ஆம் தேதி, மனிதன் சந்திரனில் போய் இறங்கினான். பேரேட்டைப் பார்த்து நிறுத்தியவர்கள் கொஞ்சம் காலண்டரையும் பார்த்திருக்கலாம்!

இவ்வளவும் சொன்ன பிறகு, ஐம்பத்தைந்து கதைகளோடு நின்றிருந்தால் கௌரவமாக இருந்திருக்குமே என்று ருசியுள்ளவர்கள் கேட்பார்கள். அதற்கு என் பதில் ஒரு கணக்கு. முதல் பருவத்தில் இருபத்தொன்பது கதைகள், இரண்டாவதில் இருபத்தாறு, மூன்றாவதில் இருபத்துநான்கு. அமெரிக்காவில் ஒரு பழைய தொடரை ஊர் ஊராக உள்ள நிலையங்கள் விலைக்கு வாங்கித் தினமும் மறு ஒளிபரப்புச் செய்ய வேண்டுமானால், கையில் போதிய கதைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டார்கள். இரண்டு பருவங்கள் அதற்குக் காணாது. மூன்றாவதும் சேர்ந்துதான் மூட்டை கனத்தது. 1970-களில் அந்த மறு ஒளிபரப்புகளில்தான் ஜனங்கள் அந்தத் தொடரைக் கண்டுபிடித்தார்கள். 1972-இல் நியூயார்க்கில் ரசிகர்கள் மாநாடு கூடியது. 1976-இல், மறுபடியும் கடிதம் எழுதியே, அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'எண்டர்பிரைஸ்' என்று கதைக் கப்பலின் பெயரை வைக்கச் செய்தார்கள். 1979-இல் சினிமா வந்தது. பிறகு நம் தூர்தர்ஷனுக்கும் வந்தது. மூளை திருடிய கதை இல்லாவிட்டால் முட்டையிட்ட ஹோர்ட்டா எங்கள் பாட்டிக்கு முன்னால் வந்து நின்றிருக்க மாட்டாள். மட்டமான கதைகள் நல்ல கதைகளைத் தோளில் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்தன.

கணக்கை விட்டுக் கலைக்கு வந்தாலும் என் கட்சிக்கு ஆதரவு உண்டு. 1969 மார்ச்சில், தொடர் கிட்டத்தட்டச் செத்துவிட்ட நேரத்தில், 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்' என்று ஒரு கதை வந்தது. சூரியன் வெடிக்கப் போகிறது. ஒரு கிரகத்து மக்கள் எல்லோரும் தங்கள் பழைய காலங்களுக்குள் தப்பி ஓடிவிட்டார்கள். ஒரு கிழ லைப்ரேரியன் மட்டும் மிச்சம். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய பனியுகத்தில் ஸ்பாக் ஒரு தனிமையான பெண்ணைக் கண்டு, வாழ்க்கையில் அதிசயமாக, காதலிக்கிறான், பிரிந்து வருகிறான். அவள் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்பே செத்துப்போனவள் என்று கடைசியில் சொல்கிறான். அதை எழுதியவர் ஜீன் லிசெட் அரோஸ்ட் என்ற பெண்மணி. கலிஃபோர்னியாவில் ஒரு சர்வகலாசாலையில் லைப்ரேரியனாக வேலை பார்த்தவர். கேட்காமலே தம் எழுத்தை அனுப்பி வைத்த ரசிகை. நம் பத்திரிகைகளிலும் எத்தனை எழுத்தாளர்கள் இப்படி வாசகர் வரிசையிலிருந்து எழுந்து வந்தவர்கள்! இரண்டாவது பருவத்தோடு கதவைச் சாத்தியிருந்தால் இந்தக் கதை வெளியே நின்றிருக்கும்.

ஆகவே ரசிகன் செய்ய வேண்டிய காரியங்கள் இரண்டு என்று எனக்குப் படுகிறது. தனக்குப் பிடித்தது பிழைக்க வேண்டுமென்று கடிதம் எழுத வேண்டும், கூச்சல் போட வேண்டும். பிழைத்து வந்தது மட்டமாயிருந்தால் அதை மட்டம் என்றும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். முதலாவதை மட்டும் செய்பவன் பக்தனாகிவிடுகிறான். இரண்டாவதை மட்டும் செய்பவனுக்குக் கொஞ்ச நாளில் விமரிசிக்க ஒன்றுமே மிஞ்சாது.

தாம்பரத்தில் எங்கள் பழைய தெருவில் இப்போது அடுக்கு மாடி வீடுகள் வந்துவிட்டன. ஆன்டெனாவைத் திருப்ப மாடி ஏற வேண்டியதில்லை. எழுபத்தொன்பது கதைகளும் கைக்குள் அடங்கும் கருவியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று இளைஞர்கள் கேட்டால், நான் மேலே சொன்ன நான்கையும் சொல்கிறேன். ஐந்தாவதாக மூளை திருடிய கதையையும் பார்த்துவிடச் சொல்கிறேன். மற்ற நான்கையும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்ததில் அதற்கும் பங்கு உண்டு.